யாழ்ப்பாணத்தில் கொத்துறொட்டி, றோல்ஸ், தோசை போடும் சின்னக் கடை தொடங்குகிறேன். குசினிக்கு அடுப்புக்கு மேலே தொங்கிப் புகையை இழுக்கும் ஹூட் கட்டாயமா, எக்ஸோஸ்ட் ஃபான் மட்டும் காணாதா?

காணாது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உங்கள் கேள்விக்குக் கீழே ஏற்கெனவே சிலர் "பன்னிரண்டு அங்குல ஃபான் இரண்டு போடுங்கோ, காணும்" என்று எழுதியிருப்பதைப் பார்த்தபிறகு சும்மா போக மனம் வரவில்லை. அவர்களில் ஒருவராவது றொட்டிக்கல்லுக்கு முன்னால் ஒரு பின்னேரம் நின்றிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக்கடையில் பொடியனாகச் சேர்ந்த காலத்திலிருந்து அடுப்போடு நிற்பவன். இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் சொந்தக் கடை. எஞ்சினியர் இல்லை. கணக்குப் படித்தவர்கள் வந்து திருத்தினால் கோபிக்க மாட்டேன். எந்தக் கம்பனியின் பெயரும் எழுதப் போவதில்லை, ஆகவே விளம்பரம் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

நீங்கள் சொல்லாததையும் நானே ஊகித்துக்கொள்கிறேன். வாடகைக் கடை, மேலே கொங்கிறீற் பிளாட் (தட்டையாக வார்த்த தளம்), முன்பக்கம் கண்ணாடி போட்டு ஏசி பூட்டும் யோசனை, குசினிக்கு மிஞ்சிய இடம் பின்னால் ஒரு துண்டு. இப்போது தொடங்கும் எல்லாக் கடையும் அப்படித்தான்.

"எங்கட அப்பு காலத்தில் ஹூட் இருந்ததா" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: இல்லைத்தான். அந்தக் காலத்துக் குசினி வீட்டோடு ஒட்டாமல் தனியாக நின்றது. மேலே ஓடு அல்லது ஓலை. புகை ஓட்டு இடுக்கால் தன்பாட்டில் போய்விடும். பழைய சாப்பாட்டுக்கடைகளுக்கும் உயரமான ஓட்டுக்கூரை, பின்னால் திறந்த தாழ்வாரம். உங்கள் குசினிக்கு மூன்று பக்கம் சுவர், மேலே பிளாட். அதற்குள் பொரிக்கிற சட்டி, றொட்டிக்கல், தோசைக்கல் எல்லாம் ஒன்றாக எரியும்போது புகை வேறெங்கும் போகாது, உள்ளே நிற்கிறவனின் நெஞ்சுக்குள்தான் போகும்.

சுவர் ஃபான் அறைக் காற்றை மெதுவாக மாற்றும், அவ்வளவுதான். அடுப்பிலிருந்து எழும்பும் புகை நேரே மேலே போய் பிளாட்டில் முட்டி, குசினி முழுக்கப் பரவி, பிறகுதான் அந்த ஓட்டையைத் தேடிப் போகும். அதற்குள் எண்ணெய் சுவரிலும் ரியூப் லைட்டிலும் படிந்து முடிந்திருக்கும். ஹூட் அந்தச் சூட்டுக் காற்றைப் பரவ விடாமல் எழும்புகிற இடத்திலேயே பிடிக்கிறது.

இனி என் கதை. என் கடைக்குப் பாதிப் பணம் போட்டது கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் மச்சான். நல்ல மனுசன், ஆனால் எல்லாவற்றையும் வாட்ஸப்பிலேயே நடத்துவார். கொழும்பிலிருந்து ஒரு ஒப்பந்தக்காரரையும் அவரே பிடித்துவிட்டார். வந்தவர் முன்பக்கத்தை வடிவாக அளந்து, லைட் எங்கே, பெயர்ப்பலகை எங்கே என்றெல்லாம் குறித்துக்கொண்டார். குசினிக்குள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் என்ன சமைக்கப் போகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கொண்டுவந்து பூட்டிய சாமான் முகம் பார்க்கலாம் போல மினுங்கியது. அடுப்பு வரிசை பத்தடி, ஹூட் எட்டடி. உள்ளே வலை மாதிரியான ஃபில்டர். அதிலிருந்து எட்டங்குல அலுமினியச் சுருள் குழாய் மூன்று வளைவு வளைந்து பின்சுவருக்குப் போக, அதன் முடிவில் அதே பன்னிரண்டு அங்குலச் சுவர் ஃபான். "தம்பி, இது இழுக்காது" என்றேன். "ஐயா, பெரிய ஹோட்டல்களுக்குப் போடுகிற மொடல் இது" என்றார். மச்சானுக்குப் படம் போயிற்று. "வடிவாக இருக்குது, விடு மச்சான்" என்று பதில் வந்தது.

மிச்சப் பணத்தைச் சோதித்துப் பார்க்காமல் கொடுக்க மாட்டேன் என்று நின்றேன். என்னிடம் என்ன கருவி இருக்கிறது? இரண்டு பிடி செத்தல் மிளகாயை எடுத்துக் கல்லில் போட்டு வறுத்தேன். மச்சானை வீடியோவில் வைத்துக்கொண்டுதான். முதலில் வேலைக்கு நின்ற பொடியள் ஓடினார்கள், பிறகு ஒப்பந்தக்காரர் லேஞ்சியை மூக்கில் பிடித்தபடி ரோட்டுக்குப் போனார். பக்கத்துப் புத்தகக்கடைக்காரர் என்ன பிரச்சினை என்று கேட்டு வந்தார். மினுங்கிய ஹூட் மேலே சத்தம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தது. ஸ்காபரோவில் இருந்தவருக்கும் விளங்கியது.

இதைக் கொடுமை என்று யாராவது எழுதுவீர்கள். அந்த ஹூட்டுக்குக் கீழே ஒவ்வொரு பின்னேரமும் நிற்கப் போகிறவனுக்கு நடக்க இருந்ததைத்தான் கொஞ்ச நேரம் காட்டினேன்.

பிறகு மச்சான் உண்மையிலேயே உதவினார். அவர் வேலை செய்யும் இடத்தில் ஹூட் பராமரிக்க வருகிறவரிடம் கேட்டு, வட அமெரிக்கக் கட்டட விதியில் உள்ள அட்டவணையைப் படம் பிடித்து அனுப்பினார். ஹூட்டின் ஓரடி நீளத்துக்கு நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று இழுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. சுவரோடு ஒட்டித் தொங்கும் ஹூட்டுக்கு, சோறு காய்ச்சுவது, இடியப்பம் அவிப்பது போன்ற மென்மையான வேலை என்றால் 200. தோசைக்கல், பொரிக்கும் சட்டி என்றால் 300. பெரிய நெருப்பில் தாச்சி (வாணலி) வைத்துப் பிரட்டினால் 400. விறகு, கரி என்றால் 550. சுவர் இல்லாமல் நடுவில் தனியாகத் தொங்கினால் இந்த நான்கும் 400, 500, 600, 700 ஆகக் கூடும், ஏனென்றால் நாலு பக்கமும் காற்று அலைக்கும். ஒரே ஹூட்டின் கீழ்ப் பல அடுப்பு இருந்தால் அவற்றில் எது கடுமையோ அதன் கணக்கையே முழு நீளத்துக்கும் எடுக்க வேண்டும். இது எங்கள் நாட்டுச் சட்டம் இல்லை, தெரியும். ஆனால் கையில் ஒரு கணக்கு இல்லாமல் விற்பவனிடம் போனால் அவன் சொல்வதுதான் கணக்கு.

என் கடைக்குப் போட்டுப் பாருங்கள். பத்தடி அடுப்பு வரிசை. இரண்டு பக்கமும் குறைந்தது ஆறு ஆறு அங்குலம் ஹூட் வெளியே நீள வேண்டும், ஆக 11 அடி. எனக்குத் தாச்சி வேலை இருக்கிறது, ஆகவே 400. மொத்தம் நிமிடத்துக்கு 4,400 கன அடி. அந்தச் சுவர் ஃபானோ முன்னால் எந்தத் தடையும் இல்லாமல் ஓடினாலே ஆயிரத்தை ஒட்டித்தான் தள்ளும். ஃபில்டரும் வளைந்த குழாயும் மறிக்கும்போது அதிலும் பாதி வந்தால் பெரிய காரியம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில ஃபானில் மணித்தியாலத்துக்குக் கன மீட்டரில் எழுதியிருப்பார்கள். நிமிடத்துக்கு ஒரு கன அடி என்பது மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1.7 கன மீட்டர். "5000 இழுக்கும் ஐயா" என்றால் எதில் ஐயாயிரம் என்று கேளுங்கள். கன மீட்டரில் என்றால் அது 2,940 கன அடிதான். கடைக்காரருக்கே சில நேரம் வித்தியாசம் தெரியாது.

சோறு காய்ச்சுகிற, அவிக்கிற பெரிய பானைகளை இந்த வரிசையிலிருந்து விலக்கி வைத்தால் ஹூட்டின் நீளம் குறையும். அவற்றிலிருந்து வருவது நீராவி. ஃபில்டர் இல்லாத சாதாரண ஹூட்டும் சின்னக் குழாயும் அதற்குப் போதும். எண்ணெய்ப் புகைக்கு மட்டும் காசைச் செலவழியுங்கள்.

குழாயைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் பாதிப் பிரச்சினை அங்கேதான். 4,400 கன அடி போவதற்குக் குழாயில் நிமிடத்துக்கு 1,500 அடி வேகம் என்று வைத்தாலும் கிட்டத்தட்ட மூன்று சதுர அடி வாய் வேண்டும், அதாவது இருபது, இருபத்தொரு அங்குலச் சதுரக் குழாய். எட்டங்குலக் குழாயின் வாய் ஒரு சதுர அடியில் மூன்றில் ஒரு பங்கு. சுருள் குழாயை எண்ணெய்ப் புகைக்கு விடவே கூடாது. மடிப்புக்குள் எண்ணெய் தேங்கும், தீ பிடித்தால் அது தாங்காது. 1.2 மில்லிமீட்டர் எவர்சில்வர் தகட்டில், மூட்டு எல்லாம் எண்ணெய் கசியாதபடி வெல்டிங் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். படுத்துப் போகும் பகுதி ஓரடிக்குக் கால் அங்குலம் ஹூட் பக்கம் சரிய வேண்டும். வளைவு ஒவ்வொன்றிலும் கழுவுவதற்குக் கதவு இருக்க வேண்டும். மரக் கைமரம், பலகைச் சீலிங் பக்கத்தில் இருந்தால் 18 அங்குலமாவது விலகிப் போங்கள்.

ஃபான் என்றால் இறக்கை சுற்றும் சாதாரண ஃபான் வேண்டாம், நத்தைக்கூடு மாதிரி உறை உள்ள புளோவர்தான் வேண்டும். தடைக்கு எதிராகத் தள்ளக்கூடியது அதுதான். மோட்டர் புகைப் பாதைக்கு வெளியே இருக்க வேண்டும். சூடும் எண்ணெயும் படும் இடத்தில் மோட்டர் நின்றால் எரிவது நிச்சயம். எங்களுக்கு 2 எச்பி மோட்டர் காணுமாக இருந்தது. பெல்ட்டில் ஓடுவது என்றால் கப்பியை மாற்றி வேகத்தைக் கூட்டலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கவனம்: வேகத்தைப் பத்து வீதம் கூட்டினால் காற்று பத்து வீதம்தான் கூடும், கரண்ட் இழுவையோ மூன்றில் ஒரு பங்கு கூடும்.

ஃபில்டர் வலையாக இருக்கக் கூடாது, மடித்த தகடுகளாக இருக்க வேண்டும். காற்று அந்த மடிப்புகளில் திரும்பித் திரும்பிப் போகும்போது எண்ணெய்த் துளி தகட்டில் மோதி வழிந்து கீழே உள்ள கிண்ணத்தில் விழும். அதற்காகவே ஃபில்டர் 45 பாகைக்குக் குறையாமல் சரிந்து நிற்க வேண்டும். வலை ஃபில்டர் எண்ணெயைத் தன்னுள் வைத்துக்கொண்டு அடைபடும், நெருப்புப் பட்டால் திரி. ஒவ்வொரு இரவும் கழற்றிச் சுடுதண்ணியில் சோடா போட்டுக் கழுவ ஏலாதவர் ஹூட் போடாமலே இருக்கலாம். "ஃபில்டரைக் கழற்றிவிட்டால் நல்லா இழுக்குது அண்ணை" என்று பொடியள் சொல்வார்கள். இழுக்கும்தான், எண்ணெயையும் சேர்த்துக் குழாய்க்குள் இழுக்கும்.

பொடியள் என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும். என் கடையில் றொட்டி அடிக்கிற பொடியனுக்குக் கலியாணம் பேசப் போனோம். மா அவன் கையில் துணி மாதிரி விரியும், அப்படி ஒரு கெட்டிக்காரன். சம்பளமும் அரசாங்கக் கிளாக்கருக்குக் குறைவில்லை. பெண் வீட்டார் வடிவாகக் கதைத்து ரீ தந்து அனுப்பிவிட்டு, "குசினி வேலைக்காரனுக்கோ" என்று பிறகு ஆள் விட்டுச் சொன்னார்கள். அதே வீட்டின் மூத்த மருமகன் பிரான்சில், பரிஸ் நகரில் ஒரு றெஸ்ரோறன்றில் கோப்பை கழுவுகிறார். அவருக்குச் சீதனமாகக் காணியும் வீடும் எழுதினவர்கள்! வெளிநாட்டில் கழுவினால் கை மணக்கும் போலிருக்கிறது. பிறகு எங்கள் பொடியள் ஏன் ஏஜென்சிக்காரன் பின்னால் ஓடமாட்டார்கள்? அவனும் போகப் போகிறேன் என்கிறான். சரி, விட்டுவிடுகிறேன்.

அடுத்தது, உள்ளே வருகிற காற்று. 4,400 கன அடி வெளியே போனால் அவ்வளவும் எங்காவது வழியால் உள்ளே வந்தாக வேண்டும். வழி விடாவிட்டால், வாய் இறுக்கிய போத்தலில் ஸ்ட்ரோ வைத்து உறிஞ்சுகிற கதைதான். புளோவர் சுற்றும், புகை அசையாது. கதவு திறக்க இறுகும், காஸ் நெருப்பு ஒரு பக்கம் சாயும். முன்னால் ஏசி இருந்தால் ஹூட் அந்தக் குளிரைத்தான் முதலில் இழுத்து வெளியே விடும், நீங்கள் கரண்ட் பில்லைப் பார்த்து ஏசிக்காரனைத் திட்டுவீர்கள். ஆகவே குசினிக்கும் முன்பக்கத்துக்கும் இடையில் கதவு போட்டு, நிழல் விழுகிற பக்கச் சுவரில் பெரிய துவாரம் விடுங்கள். எலியும் இலையானும் வராமல் வலை அடிக்கச் சொல்லிப் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்வார், அது நியாயம். வலை தூசியில் அடைபடும் என்பதால் துவாரத்தைக் கணக்குக்கு மேல் பெரிதாகவே வையுங்கள்.

அப்புறம் அந்தப் பெடஸ்டல் ஃபான். வெக்கை தாங்காமல் சமையற்காரர் அதைத் தன் பக்கம் திருப்பி வைப்பார். அந்தக் காற்று எழும்பும் புகையைக் கலைத்து ஹூட்டுக்கு வெளியே தள்ளும். எவ்வளவு நல்ல ஹூட்டாக இருந்தாலும் தோற்றுப் போகும். வேண்டாம் என்று சொன்னால் அவர் எப்படி நிற்பது? உள்ளே வரும் காற்று அவர் முதுகுப் பக்கத்தால் மெதுவாக வரும்படி துவாரத்தை வையுங்கள். என் கடையில் அப்படித்தான் செய்தோம், பெடஸ்டல் ஃபான் இப்போது ஸ்டோர் அறையில் கிடக்கிறது.

புகை வெளியே விடும் வாயைப் பற்றிக் கொழும்புக்காரருக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். வைகாசியிலிருந்து சோளகம் தென்மேற்கால் அடிக்கும், மார்கழி, தையில் வாடை வடகிழக்கால் வரும். பின்சுவரால் படுக்கையாகக் குழாயை விட்டால் ஆண்டில் பாதி நாள் புகை பக்கத்து வளவுக்குள் போகும், மற்றப் பாதி உங்கள் குழாய்க்குள்ளேயே திரும்பும். பக்கத்து வளவில் உடுப்புக் காயும், கிணறு இருக்கும். ஒருநாள் எண்ணெய் சொட்டினால் அடுத்த நாள் முறைப்பாடு. ஆகவே கூரைக்கு மேலே நாற்பது அங்குலமாவது எழும்பி, நேரே வானத்தைப் பார்த்து விட வேண்டும். மழைக்கென்று மேலே தொப்பி வைத்தால் அது புகையைக் கீழே திருப்பும். தொப்பிக்குப் பதிலாக, குழாயைச் சுற்றிக் கொஞ்சம் அகலமான இன்னொரு குழாயை நிறுத்தி, தண்ணீர் வெளியே வடியும்படி செய்யலாம். எங்கள் ஊர் வெல்டிங் பட்டறையில் வரைந்து காட்டினேன், செய்து தந்தார்கள்.

ஹூட்டையும் அந்தப் பட்டறையிலேயே செய்வித்தேன். அது வெறும் தகட்டு வேலை, அதற்குக் கொழும்பு தேவையில்லை. கீழ் விளிம்பு நிலத்திலிருந்து ஆறரை அடி, அடுப்பின் மேல்மட்டத்திலிருந்து நாலடிக்கு மேல் போகாமல். எவர்சில்வர் வாங்கும்போது காந்தம் கொண்டு போங்கள். 430 தரத்தில் காந்தம் இறுக ஒட்டும். 304-இல் ஒட்டாது, வளைத்த இடத்தில் மட்டும் லேசாக இழுக்கலாம். எங்கள் கடற்காற்றுக்கு வெளியே நிற்கும் குழாய் 304 ஆக இருக்கட்டும். உள்ளே ஹூட்டுக்கு 430 போதும் என்பது என் அபிப்பிராயம், மாற்றுக் கருத்து இருக்கலாம்.

விறகைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022-இல் காஸ் இல்லாமல் கியூவில் நின்றது ஞாபகம் இருக்கும். அப்போது பல கடைக்காரர் காஸுக்குப் போட்ட ஹூட்டின் கீழேயே விறகடுப்பை மூட்டினார்கள். நான் பின்வளவில் தகரக் கொட்டில் போட்டு அங்கே சமைத்தேன், பலர் சிரித்தார்கள். விறகில் பொறி பறக்கும், அது எண்ணெய் படிந்த குழாய்க்குள் போனால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. விறகு, கரி என்றால் தனி ஹூட், தனிக் குழாய். காஸ் சிலிண்டரும் வெளியே நிற்கட்டும். கசிகிற காஸ் காற்றைவிடப் பாரம், நிலத்தோடு தங்கும், மேலே இருக்கும் ஹூட் அதை எடுக்காது. எண்ணெய் நெருப்புக்கான ஈர இரசாயனத் தீயணைப்பான் ஒன்றை வாசல் பக்கம், கை எட்டும் இடத்தில் வையுங்கள்.

விலை கேட்டு உள்பெட்டிக்கு வராதீர்கள், தகட்டு விலை நான் வாங்கிய காலத்தில் இருந்தது போல இப்போது இல்லை. பணம் குறைவென்றால் மினுக்கத்தில் குறையுங்கள், புளோவரிலும் குழாயிலும் குறைக்காதீர்கள்.

நீங்கள் இன்னும் கடையை எடுக்கவில்லை என்றால் ஹூட்டுக்கு முன்னால் வீட்டுக்காரரோடு கதையுங்கள். பிளாட்டில் இரண்டடிக்கு இரண்டடி ஓட்டை வெட்டவோ, சுவரோடு குழாயை மேலே ஏற்றவோ விடுவாரா என்று கேளுங்கள். மேல்மாடியில் ரியூசன் வகுப்பு இருந்தால் இரண்டு தரம் கேளுங்கள். வாயால் "அதெல்லாம் பார்த்துச் செய்யலாம் தம்பி" என்பார்கள். ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகு முற்பணத்தைக் கொடுங்கள்.